பர்ஹர்வா வீட்டை மூடுவதற்கு முன்: மிஷனெரி ஜெபக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டச் சபைகளின் மிஷனெரி ஜெபக்குழுவினருக்கு,

ஸ்தோத்திரம்.

ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், பர்ஹர்வா ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கும் ஒரு வாடகை வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் இங்கே வந்து 9 வருஷம் ஆகிறது. அவர் நாசரேத் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 31 வருஷம் நர்ஸாக இருந்தவள். பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது, பென்ஷன் வருகிறது, இரண்டு வருஷம் பணித்தளத்தில் இருந்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினோம். வீட்டுச் சாவியைக்கூட எதிர்வீட்டு அக்காவிடம்தான் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த அக்கா இப்போது இல்லை. சாவி அவர்கள் மருமகளிடம் இருக்கிறது.

நாங்கள் பிரசங்கிகள் இல்லை. ஆராதனையில் எழுந்து ஜெபம் பண்ணச் சொன்னாலே என் கணவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். எங்களை அனுப்பிய மிஷனெரி சங்கத்தின் காகிதத்தில் எங்கள் பொறுப்புக்கு 'மிஷனெரி பராமரிப்பு' என்று பெயர். ராஜ்மகால் மலைகளில் ஆறு இடங்களில் நம் மிஷனெரிப் பிள்ளைகள் 14 பேர் இருக்கிறார்கள். மூத்தவனுக்கு 31 வயது, இளையவளுக்கு 23. அவர்கள் சுகமாக இருக்கிறார்களா என்று பார்ப்பதும், இல்லையென்றால் சுகமாகும்வரை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதும்தான் வேலை.

போன மாதம் சங்கத்தின் நிதிக்குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த வீடும் பழைய பொலேரோ ஜீப்பும் 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்பில் வருகின்றன, தாங்குவோர் யாரும் இல்லாததால் வரும் மார்ச்சோடு மூடிவிட ஆலோசிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து நிதானமாகப் படித்தபோது, அவர்கள் சொல்வதில் பொய் இல்லை என்று தெரிந்தது. ஒரு மிஷனெரியைத் தாங்க சபைகள் இருக்கின்றன. ஒரு கிராமத்தைத் தத்தெடுக்க ஜெபக்குழுக்கள் இருக்கின்றன. ஜெபவீட்டுக்குத் தகரக்கூரை போட, தையல் மெஷின் வாங்க, பைக் வாங்க எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்கும் வீட்டுக்கு ஆள் இல்லை. சங்கத்தின் கையில் இருப்பது நீங்கள் கொடுக்கும் பணம். நீங்கள் எதற்கு என்று எழுதிக் கொடுக்கிறீர்களோ அதற்குத்தான் போகும். அதனால்தான் நிதிக்குழுவுக்கு எழுத வேண்டிய பதிலை உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

இங்கே சூரியன் சீக்கிரம் வந்துவிடும். ஜூன் மாதத்தில் 5 மணிக்கு முன்னாலேயே வெளிச்சம். டிசம்பரில் சாயங்காலம் 5 மணிக்கு இருட்டு. தெற்கேயிருந்து புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் குளிர்காலத்தில் அந்த இருட்டுதான் பெரிய கஷ்டம், குளிர்கூட அப்புறம்தான். காலையில் என் கணவருக்கு முதல் வேலை போன். ஆறு இடத்துக்கும் வரிசையாகப் போடுவார். ஓர் இடத்தில் ஒரு மஹுவா மரத்தடியில் மட்டும்தான் சிக்னல். அங்கே இருக்கும் தம்பி ஆறரை மணிக்கு அந்த மரத்தடிக்கு வந்து நிற்பான். ஆரம்பத்தில் இவர், "ஜெபம் பண்ணியாச்சா? இன்னைக்கு எந்த ஊருக்குப் போற?" என்றுதான் கேட்பார், ஹெட்மாஸ்டர் பழக்கம். எல்லோரும் "ஆமா அண்ணே, சரி அண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இப்போது இரண்டே கேள்விதான்: "ராத்திரி தூங்குனியா? என்ன சாப்பிட்ட?" இந்த இரண்டுக்கும் வருகிற பதிலில் அந்தப் பிள்ளையின் நிலைமை முக்கால்வாசி தெரிந்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து "மூடி சாப்பிட்டேன்" என்று பதில் வந்தால் இவர் பொலேரோவை எடுத்துவிடுவார். மூடி என்றால் இங்கே பொரி. பொரி மட்டும் தின்கிறான் என்றால் அடுப்பு பற்றவைக்க மனசில்லை என்று அர்த்தம்.

(அண்ணன் என்று சொன்னது தவறுதலாக அல்ல. எங்களுக்கு 67, 65 வயது. இருபத்துமூன்று வயதுப் பெண் என்னை 'அக்கா' என்று கூப்பிடுகிறாள். மிஷன் வழக்கம் அது. ஊரில் இருந்தால் பாட்டி என்று கூப்பிடுவாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, மாற்றச் சொல்லவில்லை.)

இங்குள்ள பழங்குடியினரான பஹாடியா மக்கள் குடியிருப்பது மலை உச்சிகளில். ஊற்று கீழே இருக்கும். பெண்கள் குடத்தோடு இறங்கி ஏறுகிறார்கள், அங்கே தங்கியிருக்கும் நம் பிள்ளைகளும் அப்படியே. அவர்கள் பேசுகிற மால்தோ நம் மொழிக்குச் சொந்தம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே இடையன்குடியில் உட்கார்ந்துகொண்டு கால்டுவெல் ஐயர் எழுதிவைத்தார். வங்காளியும் இந்தியும் சந்தாலியும் சுற்றி நிற்க, நடுவில் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு மொழி. பல்லுக்கு 'பலு', மரத்துக்கு 'மனு', நீ என்பதற்கு 'நீன்', நான் என்பதற்கு 'ஏன்'. முதல் வாரம் மலைக்குப் போன ஒரு தம்பி என்னிடம் வந்து, "அக்கா, அந்தப் பாட்டி எதுக்கெடுத்தாலும் நெஞ்சுல கையை வச்சு ஏன், ஏன்னு கேக்காங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல" என்று சொன்னான். பாவம், அந்தப் பாட்டி தன்னைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவனும் சிரித்துவிட்டான். அந்த வாரம் அவன் சிரித்தது அப்போதுதான். ஊருக்குத் திரும்பிப் போகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அடுத்தது காய்ச்சல். மழை முடிந்து செப்டம்பர் தொடங்கினால் நவம்பர் முடிய என் வீட்டு முன்னறையில் கட்டில் காலியாக இருந்ததில்லை. மலேரியாவில் இரண்டு வகை இங்கே அதிகம். மூளைக்கு ஏறுகிற வகையில் ஓர் இரவு தாமதித்தாலும் ஆளை இழப்போம். அது எல்லோருக்கும் பயம், உடனே ஓடி வருவார்கள். இன்னொரு வகைதான் எனக்குத் தலைவலி. காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும். ஆனால் ஈரலில் ஒளிந்திருப்பதைக் கொல்ல பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் தின்ன வேண்டும். நான்காம் நாள் உடம்பு லேசானதும் பையன்கள் மாத்திரையைத் தூக்கிப் பையில் போட்டுவிட்டு மலை ஏறிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் அதே காய்ச்சல் திரும்ப வரும். "தேவன் சுகமாக்கினார் அக்கா" என்று ஒருவன் சாட்சி சொன்னான். சுகமாக்கினார் சரி, மீதிப் பத்து மாத்திரை எங்கே என்று கேட்டேன். இப்போது இந்த வகை மலேரியா என்றால் 14 நாளும் என் கண் முன்னால் விழுங்க வேண்டும். சுவரில் காலண்டர் மாட்டி ஒவ்வொருவர் பெயருக்கும் கோடு போடுகிறேன்.

காலா அசார் என்கிற கருங்காய்ச்சலை நான் வேலை பார்த்த 31 வருஷத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, படித்ததோடு சரி. ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச், பாகூர், தும்கா, கோட்டா ஆகிய நான்கு மாவட்டங்களில்தான் அது இருக்கிறது. கொசுவைவிடச் சின்னதாக ஒரு மணல் ஈ, மண்சுவர் வெடிப்பில் தங்கி இரவில் கடிக்கும். சாதாரணக் கொசுவலையின் ஓட்டையில் நுழைந்து வந்துவிடும். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு தம்பி, விளாத்திகுளம் பக்கத்துப் பையன், 25 வயது, மாதக் கூட்டத்துக்கு வந்தான். பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டால், "அப்பப்ப வரும் அக்கா, ஒண்ணுமில்ல" என்றான். படுக்கவைத்து இடது விலா எலும்புக்குக் கீழே அமுக்கினால் மண்ணீரல் நான்கு விரல் இறங்கியிருந்தது. அவன் முகம் கறுத்துப்போயிருந்ததை வெயில் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், நானும்தான். மறுநாள் மாவட்ட அரசு மருத்துவமனையில் விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பாசிட்டிவ். ஒரே நாளில் டிரிப்ஸில் மருந்து ஏற்றி முடித்துவிட்டார்கள். இலவசம். முன்னெல்லாம் ஒரு மாதம் ஊசி போட்டுக்கொண்டிருந்த நோய் அது.

மருந்து ஒரு நாள். அவன் எழுந்து நடக்க ஆன நாட்கள் 40. அந்த 40 நாளும் எங்கள் வீட்டில் இருந்தான். ஜார்க்கண்டில் முருங்கைக்குப் பஞ்சமில்லை. கீரையை உருவி சூப்பு வைப்பேன், முட்டை அவிப்பேன். கடுகெண்ணெய் வாடை அவனுக்கு ஆகாது, ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெயை ஒளித்துவைத்து ஊற்றினேன். பகலெல்லாம் அவனும் என் கணவரும் பேசாமல் கேரம் ஆடுவார்கள். அந்த 40 நாளில் அவன் எந்தக் கிராமத்துக்கும் போகவில்லை. அவனைத் தாங்குகிற சபையிலிருந்து, "இரண்டு மாதமாக ரிப்போர்ட் வரவில்லையே, என்ன செய்கிறார்?" என்று செயலர் போன் பண்ணினார். கேரம் ஆடுகிறான் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வைத்தேன். அந்த மழுப்பல் இன்றைக்கும் உறுத்துகிறது. அன்றைக்கே ஒளிக்காமல் சொல்லியிருந்தால் ஒருவேளை இந்த மடலுக்கே அவசியம் வந்திருக்காது.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வந்த இரண்டாம் வருஷம். ஒரு தம்பி, நன்றாகப் பாடுவான், கீபோர்டு வாசிப்பான். திடீரென்று காலையில் எழுவதில்லை. பதினோரு மணிவரை போர்வைக்குள் கிடப்பான். குளிப்பதில்லை, போனை எடுப்பதில்லை. கூட இருந்தவன் வந்து குறை சொன்னான். என் கணவர் போய் அவனை உட்காரவைத்து ஒரு மணிநேரம் புத்தி சொன்னார், அழைப்பு, ஒப்புக்கொடுத்தல் என்று. நான் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னேன். நர்ஸ் நான். 31 வருஷ நர்ஸ். சாப்பிடவே மனசில்லாமல் கிடக்கிற பிள்ளையை உபவாசம் இருக்கச் சொன்னேன். அவன் தலையாட்டினான். பத்தாம் நாள் ராத்திரி அவன் கிணற்றடியில் தனியாக நின்றதைப் பார்த்து ஒரு பஹாடியா பெரியவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் வீட்டில் படுக்கவைத்திருக்கிறார். எதுவும் கேட்கவில்லையாம், பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே இருந்தாராம் விடியும்வரை.

அவனை இரவு ரயிலில் ராஞ்சிக்குக் கூட்டிப்போனோம். அங்கே காங்கேயில் 1918இலிருந்து இருக்கும் மத்திய மனநல நிறுவனம் இருக்கிறது. நாம் கீழ்ப்பாக்கம் என்று கிண்டல் பண்ணுவதுபோல இங்கே 'காங்கே' என்று கிண்டல் பண்ணுவார்கள், அதனால் டிக்கெட் எடுக்கும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார், இது மனச்சோர்வு நோய், மாத்திரை இருக்கிறது, மாதங்கள் ஆகும், குணமாகும் என்று. குணமானான். பணித்தளத்துக்குத் திரும்பவில்லை. இப்போது ஊரில் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார், இரண்டு பிள்ளைகள், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறான். அவன் ஊர் சபையில் சிலர் அவனைப் 'பின்வாங்கிப்போனவன்' என்று இன்றும் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இதைப் படிக்கிறவர்களில் அந்தச் சிலர் இருந்தால், தயவுசெய்து அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். அவனை உபவாசம் இருக்கச் சொன்ன என்னை வேண்டுமானால் எதையும் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் என் கணவர் காலை போனில் கேள்வியை மாற்றினார்.

சண்டை சச்சரவுகளை எழுதினால் முடியாது. ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு மூன்று மாதத்தில் சண்டை வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். குக்கரை யார் கழுவுவது, யார் சத்தமாக ஜெபிப்பது, யாருடைய சார்ஜர். இருவரையும் வரச்சொல்லி தனித்தனியே பேசி, பிறகு ஒரே தட்டில் மீன் வைத்துவிடுவேன். கங்கை மீன் இங்கே மலிவு. அப்புறம் கல்யாண விஷயம். "மலையில கிடக்கிறவனுக்கு யாருக்கா பொண்ணு குடுப்பா?" என்று அம்மாக்கள் எனக்குப் போன் பண்ணி அழுவார்கள். என் கணவர் இதுவரை நான்கு வரன் முடித்திருக்கிறார். அதில் அவருக்கு இருக்கிற பெருமை, ஹெட்மாஸ்டராக இருந்தபோதுகூட இருந்ததில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், கமிட்டிகளில் பெரும்பாலும் ஆண்கள் இருப்பதால். மலைமேல் இரண்டு பெண்கள் தங்கியிருக்கிறார்கள். தண்ணீர் குடத்தில் வர வேண்டும். மாதத்தில் அந்த நாட்களில் என்ன செய்வார்கள் என்று 9 வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. என் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நாப்கின் இருக்கும், என் பென்ஷனில் வாங்கியது. குளியலறையில் வெந்நீர் இருக்கும். மாதத்தில் நான்கு நாள் கீழே இறங்கி வந்துவிடுங்கள், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பயண அறிக்கையில் 'ஆலோசனைக் கூட்டம்' என்று எழுதிக்கொள்கிறார்கள்.

கல்யாணமான குடும்பங்களுக்கு வேறு துக்கம். பிள்ளைக்கு ஆறு வயசு ஆனதும் தெற்கே விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விடவேண்டியிருக்கிறது. இங்கே மலையில் பள்ளிக்கூடக் கட்டிடம் இருக்கும், பாடம் நடக்கும் என்று சொல்ல முடியாது. மே கடைசியில் மூன்று பேராக ரயில் ஏறுவார்கள், ஜூனில் இரண்டு பேராக வந்து இறங்குவார்கள். முதல் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டு மலைக்குப் போகட்டும் என்று நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். போன வருஷம் ஒரு தங்கச்சி அப்படி வந்தாள். அழவில்லை. வந்ததும், "அக்கா, நான் சமைக்கிறேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். குழம்பில் காரமே இல்லை. மறுநாளும் இல்லை. அவள் கணவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், பேசாமல் சாப்பிட்டோம். பாப்பாவுக்குக் காரம் ஆகாது. அவள் கை பாப்பாவுக்குச் சமைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஊரிலிருந்து வந்த புளியை இரண்டு கிலோ எடுத்துப்போட்டு, "வா, கொட்டை எடுப்போம்" என்றேன். இரண்டு மணிநேரம் எடுத்தோம். நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அவளுக்குத் தானா ஜடை பின்னத் தெரியாதுக்கா" என்றாள். பிறகு அழுதாள். ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் மலைக்குப் போனாள்.

சாவு வந்தாலும் இந்த வீடுதான். ஒரு தம்பியின் அப்பா திசையன்விளையில் இறந்துபோனார். மலையிலிருந்து இறங்க மூன்று மணிநேரம், இங்கிருந்து ஹவுராவுக்கு ஓர் இரவு, அங்கிருந்து சென்னைக்கு ஒரு நாளுக்கு மேல், அப்புறம் இன்னோர் இரவு. ஐஸ் பெட்டியில் அவ்வளவு நேரம் வைக்க வேண்டாம் என்று உறவினர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். சிக்னல் நன்றாக இருக்கும் இடம் என்று எங்கள் முன்னறையில் உட்கார்ந்து வீடியோ காலில் அடக்க ஆராதனையைப் பார்த்தான். மண் போடுகிற நேரம் வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டினான். என் கணவர் வாசலில் இருந்த துளசித் தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து அவன் கையில் வைத்தார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். மனசு நோகும்படி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் உங்களில் ஒருத்திதான். சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மிஷனெரிப் பானையில் போட்ட அம்மா வளர்த்த பிள்ளை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஐம்பது ரூபாய் வாழைத்தாரை ஐயாயிரத்துக்கு எடுக்கிறவர்களின் மனசு எனக்குத் தெரியும்.

படம் கேட்பதை நிறுத்துங்கள். 2017இலிருந்து ஜார்க்கண்டில் மத சுதந்திரச் சட்டம் இருக்கிறது. கட்டாயப்படுத்தி மதம் மாற்றினால் சிறை. இங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உங்கள் ஃபிளெக்ஸுக்காக அனுப்பிய ஒரு படம் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி மூன்றே நாளில் இங்கே திரும்பி வந்தது. நீங்கள் அதன்மேல் எழுதியிருந்த வாசகமும் சேர்ந்து வந்தது. 'இருளின் கோட்டை தகர்ந்தது' என்று. அந்த இருளின் கோட்டை என்று நீங்கள் எழுதிய ஊரில்தான் ஒரு பெரியவர் நம் பையனைக் கிணற்றடியிலிருந்து இழுத்துக் காப்பாற்றினார். அந்தப் படத்துக்காக ஒரு தம்பி காலையிலிருந்து சாயங்காலம்வரை தாணாவில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கு ஏதும் ஆகவில்லை. படத்தில் இருந்த குடும்பம் மட்டும் அதற்குப் பிறகு அவனோடு பேசுவதில்லை.

விடுமுறைக்கு வருகிற பிள்ளையை முதல் ஞாயிற்றுக்கிழமையே மேடையில் ஏற்றாதீர்கள். இரண்டு வாரம் தூங்கவிடுங்கள். அம்மா கையால் சாப்பிடட்டும். மேடையில் ஏற்றி, "எத்தனை கிராமம்? எத்தனை ஆத்துமா?" என்று கேட்கிறீர்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். மலைக்குத் திரும்பி வரும்போது அந்த முகத்தையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறான்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளாளன்விளை அசரியா பேசியதை மிஷனெரி ஞாயிறு தவறாமல் நாம் மேற்கோள் காட்டுகிறோம். உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். 1903இல் பாளையங்கோட்டையில் நம் சங்கம் ஒன்றை ஆரம்பித்தவர்களில் ஒருவர், 1912இல் தோர்னக்கல்லில் பேராயர் ஆனவர். அன்றைக்கு அவர் வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கேட்டார், நாம் கைதட்டுகிறோம். நூறு வருஷத்தில் நாற்காலி மாறிவிட்டது, இப்போது அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது நாம். இது உவமைக்காகச் சொன்னதும் இல்லை. நாங்கள் வந்த புதிதில் மாதக் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகள் நாற்காலியிலும் பஹாடியா உடன் ஊழியர்கள் பாயிலும் உட்காருவார்கள். யாரும் சொல்லி அப்படி ஆகவில்லை. இவர் ஒருநாள் நாற்காலிகளை எல்லாம் மாடியில் தூக்கிப் போட்டுவிட்டார். முட்டிவலியோடு அவரும் பாயில்தான் உட்காருகிறார், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும்.

என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வாடகை, கேஸ், அரிசி, டீசல் எல்லாம் சேர்த்து இந்த வீட்டுக்கு மாதம் 28,000 ரூபாய் ஆகிறது. எங்கள் இருவருக்கும் சம்பளம் கிடையாது, வேண்டவும் வேண்டாம். ஐந்து ஜெபக்குழுக்கள் பகிர்ந்துகொண்டால் போதும். ஆனால் ரசீதில் 'பர்ஹர்வா வீட்டுக்கு' என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தையல் மெஷினுக்குப் போய்விடும். இதற்கு மாதாமாதம் ரிப்போர்ட் வராது. படம் வராது. இந்த மாதம் இரண்டு மலேரியா, ஒரு சண்டை, மூன்று பேர் நன்றாகத் தூங்கினார்கள் என்று வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன்.

பணத்தைவிட ஆள் வேண்டும். எங்களுக்கு வயதாகிவிட்டது, அவருக்கு முட்டி, எனக்குச் சர்க்கரை. உங்கள் சேகரத்தில் போன வருஷம் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் இருப்பார், அரசு பஸ் டிரைவர் இருப்பார், சத்துணவுக்கூட அம்மா இருப்பார். பிரசங்கம் பண்ணத் தெரிய வேண்டாம். இந்தி ஆறு மாதத்தில் வந்துவிடும், வராவிட்டாலும் பிள்ளைகளோடு தமிழில்தானே பேசப்போகிறீர்கள். கணவன் மனைவியாக வாருங்கள். உங்களுக்குள் சண்டை போடுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். அறுபது வயதில் சண்டை போட்டுவிட்டு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பது புதிதாகக் கல்யாணமான பிள்ளைகளுக்கு நல்லது. என் பேச்சைக் கேட்காமல் அவர் மருத்துவரிடம் போகாமல் இருப்பதையும், அதற்கு நான் கத்துவதையும் எங்கள் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

வருகிறவர்கள் முதல்முறை நவம்பர் கடைசியில் வாருங்கள், அப்போது சேறு காய்ந்திருக்கும், காய்ச்சலும் குறைந்திருக்கும். ஹவுராவில் இறங்கி பர்ஹர்வாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டால் ஸ்டேஷனுக்கு இவர் பொலேரோவில் வந்துவிடுவார். கருப்பட்டி, நல்லெண்ணெய், பெருங்காயம், கொட்டை எடுக்காத புளி கொண்டுவாருங்கள். ஜனவரியில் இங்கே இட்லி மாவு புளிக்காது, கம்பளியில் சுற்றி அடுப்பு ஓரம் வைக்க வேண்டும், அதை வந்தபிறகு சொல்லித் தருகிறேன். பேனர் வேண்டாம்.

இப்படிக்கு,
பர்ஹர்வா வீட்டு அக்கா